சங்குக்குப் பயந்த சங்கம்

அந்தச் சங்கொலி இன்னும் என் காதில் இருக்கிறது. விடிகிற நேரம். கடல் புரண்டு படுக்கக்கூடச் சோம்பல்பட்டுக் கிடந்தது. தாயைத் தொலைத்த எருமைக்கன்று கூப்பிடுவதுபோல நீளமாக ஒரு முறை. மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு முறை. அவ்வளவு அழகான ஒலியை நான் அதிகம் கேட்டதில்லை. பக்கத்து அறையிலிருந்து என் தம்பியின் குரல் வந்தது.

"அக்கா, யாரு செத்தது?"

தம்பி செல்லக்குமாரசாமி, உடுமலைப்பேட்டைக் கடற்கரை காண்போர் சங்கத்தின் தலைவர். அங்கமுத்து செயலாளர். திருமலைசாமி பொருளாளர். உறுப்பினர் என்று எவரும் கிடையாது. எல்லாரும் பதவியில் இருந்தார்கள். உடுமலைப்பேட்டைக்குக் கடற்கரையும் கிடையாது. சங்கம் உடையாமல் இருந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அந்த வருஷம் தம்பி மகள் நாச்சியாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "கல்யாண வேலை நடக்கறப்ப இவரு ஊர்ல இல்லாம இருந்தாலே பெரிய உபகாரமுங்க" என்று அவன் மனைவி மரகதம் சொல்லிவிட்டாள். சங்கம் உடனே மத்திய அமெரிக்காவில் பெலீஸ் என்ற நாட்டின் தென்கோடிக்குக் கிளம்பியது. காவலுக்கு என்னையும் சேர்த்து அனுப்பினார்கள். வழியனுப்பும்போது நாச்சியா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, எப்படியாச்சும் அப்பாவ முகூர்த்தத்துக்குக் கூட்டிட்டு வந்துருங்க. தாரை வார்க்கறப்ப அவரு கை இருக்கோணும்."

போய் இறங்கியதும் முதல் தகராறு. அதிகம் பேர் அறியாத கடற்கரை என்று டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் சொல்லியிருந்தார். அங்கே பார்த்தால் வரிசையாக வீடுகள், பள்ளிக்கூடம், படகுத்துறை.

"இத்தன பேருக்குத் தெரிஞ்சிருக்குதே!" என்றான் அங்கமுத்து.

"ஒருவேள இவங்களுக்கே தெரியாதோ என்னமோ" என்றான் திருமலைசாமி. "நாமளா வாயக் குடுத்துச் சொல்லிரக் கூடாதுங்க."

ஆகவே கடலோரமாக நடக்கும்போதெல்லாம் மூவரும் கடலைப் பார்க்காததுபோலவே நடந்தார்கள்.

கரையோரம் கரிஃபுனா மக்கள். ஆப்பிரிக்கர்களும் கரீபியத் தீவுப் பழங்குடிகளும் கலந்து உண்டான இனம். மேளமும் மீனும் மரவள்ளி ரொட்டியுமாக வாழ்கிறவர்கள். உள்ளே மலையடிவாரத்தில் மாயா மக்கள், சோளமும் கொக்கோவும் விளைவிக்கிறவர்கள். நாங்கள் தங்கியது மிஸ் ஆல்மா என்ற கரிஃபுனா அம்மாளின் விடுதியில். இடித்த வாழைக்காயையும் தேங்காய்ப்பால் மீன்குழம்பையும் முன்னால் வைத்து, "இதை உங்கள் சொந்த வீடாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்றாள். நான் அதை அப்படியே தமிழில் சொல்லித் தொலைத்தேன்.

மறுநாள் காலை அவள் கதவைத் தட்டியபோது அங்கமுத்து பாதி திறந்து எட்டிப் பார்த்தான். "நீங்க யாருங்க? என்ன வேணும்?"

அவள் நல்லவள். சிரித்துவிட்டு, தன் ஜீப்பிலேயே எங்களை மாயா கிராமத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே தோன் சாந்தியாகோ என்ற பெரியவர் கொக்கோ பானம் கொடுத்து, என் தம்பியைப் பார்த்து அவர்கள் மொழியில் ஏதோ கேட்டார். உங்கள் நெஞ்சு இனிமையாக இருக்கிறதா என்று பொருளாம். அவர்களுடைய நலம் விசாரிப்பே அப்படித்தானாம்.

தம்பி சட்டைப் பொத்தானைக் கழற்றினான். "ஒரு எடத்துல அடைப்பு இருந்துச்சுங்க. கோயமுத்தூர்ல ஸ்டென்ட் வெச்சுட்டாங்க. வேணும்னா தொட்டுப் பாருங்க."

பெரியவர் மரியாதைக்குத் தொட்டுப் பார்த்தார்.

திரும்பும் வழியில் திருமலைசாமி மெதுவாகக் கேட்டான். "தலைவரே, உங்க ரிப்போர்ட்டு இந்த மலைக்கு எப்படிங்க வந்துச்சு?"

அதற்கடுத்த விடியலில்தான் சங்கு.

மீன் வந்திருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஊருக்குச் சொல்ல அங்கே சங்கு ஊதுவார்கள். நான் சொன்னேன். மீனுக்குப் போய் எவனாவது சங்கு ஊதுவானா என்று மூவரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு துக்கம் கேட்கக் கிளம்பினார்கள். துறையில் ஒரு மேஜையைச் சுற்றிக் கூட்டம். நடுவே ஒரு பெரிய மீன், கண்ணைத் திறந்தபடி. மீன் வாங்கிய ஒருத்தி கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். எல்லாரையும் பார்த்துக் கையசைத்தாள்.

"அயோ!"

எல்லாரும் கையசைத்தார்கள். "அயோ! அயோ!"

"கேட்டீங்களா?" என்றான் அங்கமுத்து. "ஊரே ஐயோங்குது. பாவம், சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க. புத்தி பேதலிச்சுப் போச்சு."

கரிஃபுனா மொழியில் போய்வருகிறேன் என்பதற்கு அயோ என்றுதான் சொல்வார்கள். அதையும் நான் சொன்னேன்.

"அக்கா, நீங்க படிச்சது இங்கிலீசு எம்.ஏ.," என்றான் அங்கமுத்து. "இது இங்கிலீசுங்களா?"

இல்லை என்று ஒப்புக்கொண்டேன். விவாதம் அத்தோடு முடிந்தது.

பிறகு வீடு வீடாகப் போய் எட்டிப் பார்த்தார்கள். பிணம் எங்கும் இல்லை. எல்லாரும் காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஊர்ல ஒருத்தரும் சாகல," என்றான் திருமலைசாமி. "அப்ப சங்கு யாருக்கு?"

இரண்டு பேரும் தலைவரைப் பார்த்தார்கள்.

"நேத்து அந்தப் பெரியவரு வந்த எங்களயெல்லாம் விட்டுப்போட்டு உங்க நெஞ்சத்தான விசாரிச்சாரு?"

தம்பி வெளுத்துப் போனான். சோதித்துப் பார்த்துவிடலாம் என்றான் அங்கமுத்து. பெட்டியைக் கையில் கொடுத்து, ஊருக்குப் போகிறேன் என்று மிஸ் ஆல்மாவிடம் சொல்லச் சொன்னான். தம்பி சொன்னான். அவள் வாய் நிறைய "அயோ!" என்றாள்.

"இப்ப இருக்கறேன்னு சொல்லுங்க."

இருக்கிறேன் என்றான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. முகம் மட்டும் லேசாக வாடியது.

"பாத்தீங்களா! இருந்தா உசுரு. போனா ஐயோ."

"கல்யாணம்?" என்று கேட்டேன். "தாரை வார்க்க யாரு நிப்பா சாமி?"

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அப்பன் வராத கல்யாணம் நடத்திரலாமுங்க்கா. அப்பன் செத்த வீட்டுல எப்படி நடத்துவாங்க?"

அவன் வாழ்நாளில் சொன்ன ஒரே புத்திசாலித்தனமான வாக்கியம் அது. விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. மகளுடைய கல்யாணப் புடவைக்குத் தானே பொறுக்கிய நிறத்தைச் சொல்லிச் சொல்லி அவன் அழுதான். நானும் சேர்ந்து அழுதேன், வேறு காரணத்துக்காக.

வழி கண்டுபிடித்தது பொருளாளர்.

"போறப்பத்தான ஐயோங்கறாங்க? வர்றவங்கள ஒண்ணும் சொல்றதில்லையே. நாம வர்றாப்பல போயிரலாம்."

"எப்படிங்க?"

"மொகம் ஊரப் பாத்து இருக்கோணும். காலு மட்டும் பின்னால போகோணும்."

ஆக, பெலீஸ் நாட்டின் தென்கரையை விட்டு உடுமலைப்பேட்டைக் கடற்கரை காண்போர் சங்கம் பின்னோக்கி நடந்து வெளியேறியது. தெருவில் இருந்தவர்கள் இவர்கள் முகத்தைப் பார்த்து, இப்போதுதான் வருகிறார்கள் என்று எண்ணி, "மபுய்கா!" என்று வணக்கம் சொன்னார்கள். ஒரு ஐயோகூட விழவில்லை. மிஸ் ஆல்மா மட்டும் கதவில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

விமானத்திலும் அப்படியே ஏறினார்கள். குடியேற்ற அதிகாரி முகத்தைக் காட்டு என்றபோது தம்பி தலையை மட்டும் திருப்பிக் காட்டினான். ஒருவரும் தடுக்கவில்லை. உலகம் பைத்தியங்களுக்கு எப்போதும் வழிவிடும். கேள்வியெல்லாம் கூடப் போகிறவளுக்குத்தான்.

முகூர்த்த நாள் காலையில் நேரே கல்யாண மண்டபத்துக்கு வந்து இறங்கினோம். இப்போதாவது திரும்புங்கள் என்று கெஞ்சினேன்.

"இத்தன கடல் தாண்டி உசுரக் காப்பாத்துன நடைய வாசல்ல வந்து மாத்தறதாக்கா?" என்றான் தம்பி. "நீங்க முன்னால போங்க. நாங்க பின்னால வர்றோம்."

நான் முன்னால் போனேன். அவர்கள் பின்னால் வந்தார்கள்.

வாசலுக்கு உள்ளே நின்றவர்கள் மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள். பெண்ணின் அப்பாவை முன்பின் பார்த்ததில்லை. அன்றும் பின்பக்கத்தை மட்டுமே பார்த்தார்கள். மூன்று பெரியவர்கள் தெருவைப் பார்த்து நிற்கிறார்களே, கிளம்புகிறார்கள்போல என்று ஓடிவந்து ஆளுக்கொரு தாம்பூலப் பையைக் கையில் திணித்தார்கள்.

"சாப்ட்டீங்களா மாமா? ரொம்பச் சந்தோசமுங்க. போயிட்டு வாங்க."

மூவரும் வாசலிலேயே நின்று யோசித்தார்கள். இதை அங்கமுத்துதான் பிற்பாடு எனக்குச் சொன்னான்.

"பை குடுத்துட்டாங்கன்னா கல்யாணம் முடிஞ்சுதுன்னு அர்த்தமுங்க தலைவரே."

"நான் தாரை வார்க்காமயேவா?"

"வார்த்திருப்பீங்க. பயணக் களைப்புல மறந்திருப்பீங்க. தேங்காய் கையில இருக்குதே, பாருங்க."

தம்பி பைக்குள் பார்த்தான். தேங்காய் இருந்தது. ஒத்துக்கொண்டான்.

மூவரும் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தபோது உள்ளே கெட்டிமேளம் கொட்டியது.

"நம்ம கல்யாணம் முடிஞ்ச சூட்டோட அடுத்த கல்யாணம்," என்றான் திருமலைசாமி. "நல்லா ஓடற மண்டபமுங்க."

என் தம்பி ஆட்டோவிலிருந்து மண்டபத்தின் பக்கம் இரண்டு கையையும் உயர்த்தினானாம். "யாரு பெத்த புள்ளையோ. நல்லா இருக்கட்டும்."

தாரை வார்த்துக் கொடுத்தது என் வீட்டுக்காரர். நாச்சியா இப்போது ஈரோட்டில் இருக்கிறாள், இரட்டைப் பிள்ளைகள்.