பேனரில் காணாமல் போன முகம்

கண் முகாமைத் திறக்க வந்த ஊர்த் தலைவர் ஆவுடையப்பனுக்கு வாசலில் ஆளுயரப் பேனர்.

"சொட்டு மருந்து, லைட்டு ஒண்ணும் வேண்டாம். ரெண்டு கண்ணும் பிரமாதம்னு எழுதிக் கொடு, மைக்கில வாசிக்கணும்" என்றார், கண் பரிசோதனைப் பயிற்சியில் இருந்த முப்பிடாதியிடம்.

பார்க்காமல் எழுதினால் பொய். மறுத்தால் முகாமையே மூடிவிடுவார்.

"நீங்க சொல்றதையே எழுதுறேன் ஐயா. ஒவ்வொரு கண்ணாப் பொத்திக்கிட்டு உங்க பேனரைப் பாத்துச் சொல்லுங்க."

இடது கண்ணைப் பொத்தினார். "ராஜா மாதிரி இருக்கேன்."

எழுதினாள்.

வலது கண்ணைப் பொத்தினார். "எவன்டா என் மூஞ்சியக் கிழிச்சது?"

அதையும் எழுதினாள்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. முறுக்கு மீசையோடு முகம் அப்படியே இருந்தது.

தலைவர் கையை எடுத்தார், முகம் வந்தது. பொத்தினார், போய்விட்டது. மெல்ல உட்கார்ந்தார். "மருந்த ஊத்தும்மா."

கண்ணின் பாப்பா விரிந்ததும் முப்பிடாதி லென்ஸ் வழியே இடது கண்ணுக்குள் பார்த்தாள். விழித்திரை செக்கச் சிவந்த நிலாவாக மிதந்தது. அதன் நட்டநடுவில், அவ்வளவு பெரிய முகத்தை விழுங்கிய ஒரு பொட்டு ரத்தம்.

அவர் சொன்னதற்குக் கீழே எழுதினாள்: "இடது விழித்திரையில் ரத்தக்கசிவு. இன்றே விழித்திரை டாக்டரிடம் போகவும்."

"மைக்கில..." என்று இழுத்தாள்.

"நீயே வாசி தாயி. மூஞ்சியக் கிழிச்சதையும் சேத்து வாசி."