ஊதற்காட்டுக் காற்றுத் திரிகை

மலைகளுக்கெல்லாம் பேர் வைத்து முடிக்காத காலம் அது. அந்தக் காலத்தில் ஊதற்காடு என்று ஒரு ஊர் இருந்தது. சொல்கிறேன், கேட்டுக்கொண்டே வாருங்கள். பாதியில் தூங்கிவிடக் கூடாது.

ஊருக்கு இரண்டு பக்கமும் மலை. நடுவில் ஒரு கணவாய். அந்தக் கணவாய் வழியாகக் காற்று வரும் பாருங்கள், அப்படி வரும். சேலையைக் காயப் போட்டால் காய்கிற வரைக்கும் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். விட்டால் அடுத்த ஊர்க்காரி கட்டிக்கொள்வாள்.

ஊருக்கு வெளியே ஒரு மேடு. மேட்டின்மேல் ஒரு காற்றுத் திரிகை. நாம் வீட்டில் கையால் சுற்றி மாவு அரைக்கிறோமே, அதே திரிகைதான். ஆனால் கல் வண்டிச் சக்கரம் அளவு இருக்கும். அதைச் சுற்றி வட்டமாகக் கல் சுவர். சுவர் உச்சியில் மரத்தால் ஒரு தலை. தலையில் நான்கு இறக்கை. காற்று இறக்கையைச் சுற்றும், இறக்கை கல்லைச் சுற்றும், மாவு தானாக விழும்.

விழும் என்றா சொன்னேன்? எப்போதோ விழுந்தது. எந்த ராசா கட்டியதோ தெரியாது. இறக்கை போய், தலை போய், மேல்கல் போய், சுவரில் பாதியும் போய், உள்ளே நரி குட்டி போட்டிருந்தது.

அதனால் ஊர்ப் பெண்கள் விடியும் முன்னே எழுந்து கையால் அரைத்தார்கள். கம்பு அரைத்தார்கள், கேழ்வரகு அரைத்தார்கள், சோளம் அரைத்தார்கள். மடியில் பிள்ளை அழுதாலும் கை நிற்காது. நின்றால் அன்றைக்குக் கூழ் கிடையாது.

மேலத்தெருவில் தவசி என்று ஒருவன். தச்சு வேலை தெரிந்தவன். அவன் கீழத்தெருவில் பெண் எடுத்திருந்தான். பெண் பேர் குருவம்மாள். ரொம்பக் கூச்சக்காரி. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் முந்தானை வாய்க்குப் போய்விடும். அவளுக்கு ஒரு அண்ணன், பேச்சிமுத்து. கல் கட்டுகிறவன். தங்கச்சிக்கு இல்லாத குரலெல்லாம் அண்ணனுக்கு இருந்தது.

கல்யாணம் ஆன புதிதில் தவசி தன் பெண்சாதியின் உள்ளங்கையைப் பார்த்தான். கொப்புளம். மறுநாளே மச்சானிடம் போனான்.

“மச்சான், மேட்டுத் திரிகையைச் சரி பண்ணினா என்ன?”

“பண்ணலாம் மாப்ளே. நரிகிட்ட யாரு சொல்றது?” என்றான் பேச்சிமுத்து.

இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே மேடு ஏறிவிட்டார்கள்.

ஊரில் மூன்று விதி போட்டார்கள். சந்தைக்கு மறுநாள், விருப்பம் உள்ளவர் வேலைக்கு வரலாம். கூலி கிடையாது, கஞ்சி அவரவர் கொண்டுவர வேண்டும். வராதவரைப் பார்த்து ‘ஏன் வரவில்லை’ என்று யாரும் கேட்கக் கூடாது. நல்ல விதிதானே? யார் மனமும் நோகாதே? அப்படித்தான் அவர்களும் நினைத்தார்கள்.

முதல் வாரம் ஐந்து பேர் வந்தார்கள். அடுத்த வாரம் பதினைந்து பேர். மழைக்காலம் வருவதற்குள் ஊரில் பாதி மேட்டில் இருந்தது.

மூன்று வருஷம் சுவர் எழுப்பினார்கள். ஒரு பெருமழையில் சுவர் சரிந்தது. “சரி, மறுபடி தொடங்குவோம்” என்றார்கள்.

மூன்று வருஷம் தேடி நடுத்தண்டுக்கு ஒரு மரம் கொண்டுவந்தார்கள். கரையான் அரித்துவிட்டது. “சரி, மறுபடி தொடங்குவோம்” என்றார்கள்.

இன்னும் இரண்டு வருஷம் பாடுபட்டு மேல்கல்லைக் கொத்தி உருட்டி ஏற்றினார்கள். பாதி மேட்டில் கயிறு அறுந்து, கல் கீழே ஓடைக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. எல்லோரும் ஓடையில் இறங்கி அதன்மேல் உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள். “சரி, மறுபடி தொடங்குவோம்” என்றார்கள்.

அந்தக் கல்லை மறுபடி ஏற்றியது பேச்சிமுத்துவின் குரல்தான். அவன் “ஐலசா!” என்று ஒரு சத்தம் கொடுத்தால் நாற்பது கையும் ஒரே கையாக இழுக்கும்.

அந்த வருஷம்தான் குருவம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வருஷம் திரும்பியதும் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்துவோம்? பேச்சிமுத்து தங்கத்தில் ஒரு சோடிக் கம்மல் செய்து வைத்துக்கொண்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அரண்மனையிலிருந்து கோட்டை மணியக்காரர் வந்தார். கோட்டை கட்டும் வேலை அவர் பொறுப்பு. மேட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்து, “நல்ல கல். கோட்டைக்கு ஆகும். வண்டி அனுப்புகிறேன்” என்றார்.

ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. “ஒன்பது வருஷத்துப் பாடு ஐயா!”

மணியக்காரர் யோசித்தார். “சரி. வருகிற ஆடிக்குள் முடியுங்கள். அதற்குப் பிறகு மூன்று தரம் வருவேன். எப்போது என்று சொல்ல மாட்டேன். நான் வரும்போது திரிகை சுற்ற வேண்டும். ஒரு தரம் நின்றிருந்தாலும் கல் கோட்டைக்கு.”

பாக்கி இருந்தது தலை ஒன்றுதான். அது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

“மேக்கே பாக்கணும். ஆடிக் காத்து மேக்கேருந்து வருது” என்றது மேலத்தெரு.

“கிழக்கே பாக்கணும். கார்த்திகைக் கொண்டல் கிழக்கேருந்து வருது” என்றது கீழத்தெரு.

சுவர் சரிந்தபோது சண்டை வரவில்லை. கரையான் அரித்தபோது வரவில்லை. கல் ஓடைக்குப் போனபோதும் வரவில்லை. வேலை முடியப் போகிறபோது வந்துவிட்டது. தவசி வாய் தவறி, “உன் கல்லை நீயே பேத்து எடுத்துட்டுப் போ” என்றான். பேச்சிமுத்து, “இனி உன் வாசப்படி மிதிச்சா நான் மனுசன் இல்ல” என்றான்.

காது குத்து நின்றுபோனது. அதைச் சொல்லி அழவும் குருவம்மாளுக்குக் கூச்சம்.

ஒரு நாள் களத்தில் அவள் கம்பு தூற்றிக்கொண்டிருந்தாள். இடுப்பில் பிள்ளை. பக்கத்திலேயே இரண்டு தெரு ஆண்களும் நின்று கிழக்கா மேற்கா என்று கத்திக்கொண்டிருந்தார்கள். பேச்சிமுத்து மட்டும் வரவில்லை.

காற்று மேற்கே இருந்து அடித்தது. பதரெல்லாம் கீழத்தெருக்காரர் தலையில். சற்று நேரத்தில் காற்று மாறியது. அவள் சுளகோடு அந்தப் பக்கம் போய் நின்றாள். பதரெல்லாம் மேலத்தெருக்காரர் தலையில். மறுபடி மாறியது, மறுபடி போனாள்.

தவசி மீசையிலிருந்து தூசியைத் தட்டினான். “ஏ புள்ள! ஒரு இடத்துல நின்னு தூத்த மாட்டியா? மூணு தரம் இடம் மாறிட்ட!”

“ஏங்க, காத்து மாறுதே. அதுகிட்டப் போயி வழக்கா பேச முடியும்? நான்தான் திரும்பிக்கணும்” என்றாள் குருவம்மாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். “திரிகைக்கும் திரும்புற மாதிரி ஒரு தலை வச்சா ஆகாதா?”

ஒரு கிழவர் தலையிலிருந்த பதரைத் தட்டிக்கொண்டு, “ஒன்பது வருசமா இத்தனை தலை இருந்து என்னடா பிரயோசனம்?” என்றார். இரண்டு தெருவும் விழுந்து விழுந்து சிரித்தது.

சுவர் உச்சியில் வழவழப்பான கல் வளையம் பதித்தார்கள். விளக்கெண்ணெய் பூசினார்கள். அதன்மேல் தவசி தலையைச் செய்து உட்கார வைத்தான். பின்னால் நீளமாக ஒரு வால்கட்டை. அதைப் பிடித்துத் தள்ளினால் தலை எந்தப் பக்கமும் திரும்பும். இறக்கைக்கு வீட்டுக்கு ஒரு சேலை வந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை. சுற்றும்போது பார்க்க வேண்டுமே!

எல்லோரும் வந்தார்கள், பேச்சிமுத்துவைத் தவிர. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாதே, விதி அல்லவா?

ஆடியில் மணியக்காரர் வந்தார். தலை மேற்கே திரும்பியது, திரிகை சுற்றியது. தலையை ஆட்டிவிட்டுப் போனார். கார்த்திகையில் வந்தார். தலை கிழக்கே திரும்பியது, திரிகை சுற்றியது. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

பங்குனியில் ஒரு நாள் மத்தியானம் வந்தார். பின்னால் நாற்பது வண்டி.

அன்றைக்குப் பார்த்து ஒரு இலை ஆடவில்லை. அந்த ஊரிலே காற்று இல்லாத நாள் என்று ஒன்று வரும் என்று யார் கண்டது? தலையை மேற்கே திருப்பினார்கள், கிழக்கே திருப்பினார்கள், எல்லாப் பக்கமும் திருப்பினார்கள். இறக்கை அசையவில்லை.

“ஐயா ஏறி வந்த களைப்பு. முதல்ல மோர் குடிங்க” என்று பெண்கள் மணியக்காரரை மேட்டின் பின்பக்க வேப்பமரத்தடியில் உட்கார வைத்துச் செம்பு செம்பாக ஊற்றினார்கள்.

தவசி இறக்கை நான்கிலும் கயிறு கட்டினான். ஒரு கூட்டம் ஒரு கயிற்றை இழுக்க, அது தரைக்கு வரும்போது அடுத்த கூட்டம் அடுத்த கயிற்றை இழுக்க வேண்டும். இழுத்தார்கள். ஒரு கூட்டம் முந்தியது, ஒரு கூட்டம் பிந்தியது. கயிறு சிக்கி இறக்கை பாதியில் நின்றது. தவசி கத்திப் பார்த்தான். அவன் குரல் அவன் காதுக்கே எட்டவில்லை.

குருவம்மாள் பார்த்தாள். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேட்டிலிருந்து ஓடினாள். கீழத்தெரு நடுவில் நின்று, ஊரே கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

“அண்ணே! நீ ஏன் வரல?”

கதவு திறந்தது. பேச்சிமுத்துவின் கண் கலங்கியிருந்தது. “இந்த ஒரு வார்த்தை கேக்க உங்களுக்கு ஒரு வருசமா?” என்றான். பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடினான்.

மேட்டில் தவசி கயிறும் கையுமாக நின்றிருந்தான். “மச்சான், வாய் தவறிச் சொல்லிட்டேன்.”

“அதை அப்புறம் பேசுவோம் மாப்ளே. இப்பக் கயித்தப் பிடி” என்றான் பேச்சிமுத்து. “ஐலசா!”

கயிறு இறங்கியது. “ஐலசா!” அடுத்த கயிறு இறங்கியது. “ஐலசா!” சேலை இறக்கையெல்லாம் சுழன்றன. உள்ளே கல் கடகடத்தது. மாவு விழுந்தது.

மணியக்காரர் நாலாவது செம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். “காற்றே இல்லையே! எப்படிச் சுற்றுகிறது?”

பேச்சிமுத்து வியர்வையைத் துடைத்தான். “இன்னைக்கு நாங்கதாங்க காத்து.”

மணியக்காரருக்குச் சிரிப்பு வந்து மோர் புரையேறிவிட்டது. “ஒரு சத்தத்துக்கு இத்தனை கை சேருகிறதே, இந்த ஊரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரசருக்குக் கோட்டை எதற்கு?” என்றார். தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு அவரும் ஒரு கயிற்றைப் பிடித்தார்.

நாற்பது வண்டியும் வெறும் வண்டியாகத் திரும்பின. இல்லை இல்லை, முதல் வண்டியில் அரசருக்கு ஒரு மூட்டை கம்பு மாவு போனது.

அடுத்த முகூர்த்தத்தில் அந்த மேட்டிலேயே காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார்ந்த குழந்தை வீறிட்ட வீறலில் மலை எதிரொலித்தது. தவசி சொன்னான், “மச்சான், இவளுக்கு உங்க தொண்டைதான்.”

மூன்றாவது விதியை அன்றே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஊதற்காட்டில் யாராவது ஒரு நாள் வேலைக்கு வரவில்லை என்றால், நாலு பேர் அவர் வீட்டு வாசலில் போய் நின்று ஏன் என்று கேட்டார்கள்.

ஆகவே பிள்ளைகளே, காற்று மாறும்போது தான் திரும்பிக்கொள்ளவும், காற்று நிற்கும்போது வராதவரைக் கூப்பிடவும் தெரிந்தவர்கள் எடுத்த வேலை ஒருநாளும் நிற்காது.