ஒரு சாண் தள்ளி

தஞ்சாவூர் புறவழிச்சாலையில் ஒரு குரு இருந்தார். பெயர் ஜெனோவா. வயது முப்பத்தொன்று. இரண்டு கார் நிற்கிற அளவுக்கு ஒரு தகரக் கொட்டகை போட்டு வண்டி பழுது பார்த்துக்கொண்டிருந்தார்.

சீடருக்கு வயது அறுபத்துமூன்று. பெயர் சிவக்கொழுந்து. பாலிடெக்னிக்கில் முப்பது வருஷம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். அங்கேதான் ஜெனோவா படித்தார். சீடரின் பாடத்தில் குரு இரண்டு முறை பெயில். இரண்டாவது முறை முப்பத்தொன்பது மார்க். நாற்பது எடுத்தால் பாஸ். சிவக்கொழுந்து யாருக்கும் ஒரு மார்க்கைத் தூக்கிப் போட்டதில்லை. அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. உலகம் உருண்டை என்று அவர் சும்மா நடத்தவில்லை.

விஜயதசமி அன்று காலை, வெற்றிலை பாக்குத் தட்டோடு கொட்டகை வாசலில் போய் நின்றார்.

"என்ன சார் இது?"

"இன்னிக்கு எதத் தொடங்கினாலும் விளங்கும். காருக்கு ஆயில் மாத்த எனக்குக் கத்துக் குடு." சற்று யோசித்தார். "கத்துக் குடுங்க."

"வண்டிய இங்க விடுங்க சார். அரை மணி நேரத்துல மாத்தித் தர்றேன்."

"இல்ல. என் வீட்டுல, என் கையால."

காரணம் இருந்தது. சீடர் எதைத் தொடங்கினாலும் முதலில் சாமான் வாங்குவார், அப்புறம் விட்டுவிடுவார். தச்சு வேலைக்கு வாங்கிய ரம்பம் பரணில் இருந்தது. தேனீ வளர்க்க வாங்கிய பெட்டி மொட்டை மாடியில் இருந்தது. தேனீ மட்டும் வரவில்லை. இப்போது ஆயில் மாற்றப் போகிறேன் என்றதும் மனைவி மங்கையர்க்கரசி, போன மாதம் போர்டிகோவுக்குப் போட்ட வெள்ளை டைல்ஸைக் காட்டினார். "ஒரு சொட்டு விழாது" என்று சீடர் வாயைக் கொடுத்தார். "விழுந்தா கார் என் தம்பிக்கு" என்றார் மங்கையர்க்கரசி. தம்பி சாயங்காலம் நாலு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டார். புதுச் சாவிக்கொத்துகூட வாங்கிவிட்டாராம்.

சீடருக்கு அந்தக் கார் என்றால் உயிர். ஓய்வு பெற்ற பிறகு வாங்கிய முதல் கார்.

குரு வெற்றிலையை எடுத்துக்கொண்டார். கையிலிருந்த வேலையை முடித்துவிட்டு, மதியத்துக்கு மேல் ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

போர்டிகோவில் காரின் முன்சக்கரங்களைக் கனத்த பலகைகள் மேல் ஏற்றி, பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, சீடர் எல்லாம் தயாராக வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு சிவப்புப் பெட்டி. உள்ளே நூற்றெட்டுக் கருவிகள். நூற்றெட்டுக்கும் ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்.

"இதுல எது நல்ல கருவி?" என்று கேட்டார் சீடர்.

குரு காருக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தார். எழுந்து வந்து பெட்டியிலிருந்து பதினேழாம் நம்பர் ஸ்பேனரை மட்டும் எடுத்தார். பெட்டியை மூடி, அதன் மேல் உட்கார்ந்தார்.

"மீதி நூத்தியேழு?"

"உக்கார நல்லா இருக்கு சார்."

அடுத்து புனலை எடுத்து உள்ளே விரலால் துடைத்துக் காட்டினார். விரலில் காய்ந்த சந்தனம் மண் மாதிரி உதிர்ந்தது.

"இன்ஜினுக்கும் பொட்டு வைக்கப் போறீங்களா?"

சீடர் புனலைக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"புது ஆயில் எங்க சார்?"

சீடர் கேனைக் காட்டினார்.

"பழைய ஆயில் எங்க?"

"அது இன்ஜின்ல இருக்கு."

"வெளிய வந்தா?"

சீடர் சிவப்புப் பெட்டியைப் பார்த்தார். நூற்றெட்டில் அதற்கு ஒன்றும் இல்லை. எழுந்து வீட்டுக்குள் ஓடினார்.

முதலில் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு வந்தார். குரு அதைக் காருக்கு அடியில் தள்ளச் சொன்னார். வாளி பம்பரில் முட்டி நின்றது.

அடுத்து பெரிய தாம்பாளத்தோடு வந்தார். அது வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. சீடர் சிரித்தார். குரு வாளியில், இன்ஜின் ஆயில் அளவுக்கு, நாலு லிட்டர் தண்ணீர் பிடித்து வந்து தாம்பாளத்தில் ஊற்றினார். மூன்றாவது லிட்டரிலேயே விளிம்பு தளும்பியது.

"கேட் வரைக்கும் கொண்டு போங்க சார்."

சீடர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். காருக்கு அடியிலேயே பாதி கொட்டியது. தூக்கி நடந்ததில் மீதிப் பாதி கொட்டி, வாசல் கோலம் கரைந்து ஓடியது. மங்கையர்க்கரசி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணிதான?" என்றார் சீடர்.

"இப்ப தண்ணிதான்" என்றார் மங்கையர்க்கரசி.

மூன்றாவதாக இட்லிக் கொப்பரையோடு வந்தார். பின்னாலேயே வந்த மங்கையர்க்கரசி அதைப் பிடுங்கிக்கொண்டு, குருவுக்கு ஒரு கிண்ணம் சுண்டல் கொடுத்துவிட்டுப் போனார்.

மணி மூன்று ஆனது. சீடரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"எந்தப் பாத்திரம்னு நீங்களே சொல்லிடலாமே."

குரு சுண்டலை மென்று முடித்தார். "விடையையும் நானே சொல்லிட்டா பரிட்சைய யார் எழுதுறதுன்னு ஒருத்தர் எங்களக் கேப்பாரு சார்."

சீடருக்கு அந்த ஒருத்தர் யார் என்று தெரியும். மதில் ஓரமாகப் போய் உட்கார்ந்தார்.

அங்கே மங்கையர்க்கரசியின் புதினா இருந்தது. சீடர் தினமும் காலையில் அதற்குத் தண்ணீர் விடுவார். இன்றைக்குத்தான் அது எதில் வளர்கிறது என்று பார்த்தார். பழைய ஐந்து லிட்டர் ஆயில் கேன். படுக்க வைத்து, மேல்பக்கத்தை மட்டும் வெட்டியிருந்தது. மூடி அப்படியே மூலையில் இருந்தது.

எழுந்து பம்பருக்கு அடியில் சாண் போட்டார். திரும்பி வந்து கேனின் உயரத்தைச் சாண் போட்டார்.

"மங்கை" என்று கூப்பிட்டார்.

"புதினாவத் தொடாதீங்க. அடியில ஓட்டை வேற போட்டிருக்கு." மங்கையர்க்கரசி உள்ளே போய் இன்னொரு கேனோடு வந்தார். அதையும் அப்படியே வெட்டியிருந்தது. "கொத்தமல்லிக்குன்னு நேத்துதான் வெட்டினேன். இன்னும் ஓட்டை போடல."

குரு அதில் நாலு லிட்டர் தண்ணீர் ஊற்றினார். சீடர் காருக்கு அடியிலிருந்து இழுத்தார், தூக்கினார், கேட் வரைக்கும் நடந்தார், மூடியைத் திறந்து செடிக்கு ஊற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. முப்பது வருஷத்தில் எந்த மாணவனும் அவரை இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்திருக்க மாட்டான்.

வண்டியை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு அணைத்தார்கள். சீடர் அடியில் படுத்து, ஆயில் தொட்டியின் திருகாணிக்கு நேர் கீழே கேனை வைத்தார். ஒரு கண்ணை மூடி ஒரு பக்கம், மறு கண்ணை மூடி மறு பக்கம் பார்த்து, தூக்குக்குண்டு பிடித்த மாதிரி நடுவில் நிறுத்தினார். ஸ்பேனரால் தளர்த்தி, மீதியைக் கையால் திருகினார்.

கடைசிச் சுற்றில் குரு காலை நீட்டி, கேனை ஒரு சாண் தள்ளிவிட்டார்.

திருகாணி கையோடு வந்தது. ஆயில் நேராக விழவில்லை. கறுப்பாக வளைந்து பாய்ந்து, ஒரு சாண் தள்ளி, கேனுக்கு நடுவில் விழுந்தது. வேகம் குறையக் குறைய வளைவும் உள்ளே வந்தது. குரு காலால் கேனையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்தார்.

சீடர் படுத்தபடியே அந்த வளைவைப் பார்த்தார். வருஷா வருஷம் சாக்பீஸால் போர்டில் வரைந்த வளைவு.

அப்புறம் ஃபில்டரை மாற்றினார்கள், திருகாணியை இறுக்கினார்கள், புது ஆயிலைப் புனல் வைத்து ஊற்றினார்கள். காலியான புதுக் கேனில் பழைய ஆயிலை ஊற்றி மூடினார்கள். வண்டி முதல் சாவியிலேயே கிளம்பியது.

நாலு மணிக்குத் தம்பி வந்தார். டைல்ஸைக் குனிந்து பார்த்தார். முட்டி போட்டும் பார்த்தார். மங்கையர்க்கரசி அவருக்கு ஒரு கிண்ணம் சுண்டல் கொடுத்துவிட்டு, காரின் முன்சீட்டில் போய் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

குரு பழைய ஆயில் கேனைக் கொட்டகை டிரம்மில் சேர்க்க ஸ்கூட்டரில் வைத்துக் கட்டினார். சீடர் கேட் வரைக்கும் கூடவே வந்தார்.

"ஒரு சாண் தள்ளணும்னு எப்படித் தெரிஞ்சுது? அந்தப் பாடத்துலதானே நீ ரெண்டு தடவ பெயிலான."

"மொத கார்ல நானும் நேர் கீழதான் சார் வெச்சேன். தரை, சட்டை, மூஞ்சி, எல்லாம் ஆயில்."

சீடர் ஸ்கூட்டர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப என்னையும் விட்டிருக்கலாமே. மூஞ்சியில பட்டாத்தானே பாடம்?"

குரு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

"விட்டிருக்கலாம் சார். ஆனா ஒரே ஒரு மார்க்குல தோத்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியுமே."

சீடர் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.