ராஜாவின் இலையில் ஒரு முடி

வேங்கைமலை ராஜாவுக்கு ஒரு வியாதி வந்தது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. ஒரு இங்கிலீஷ் வார்த்தை!

பாடம் சொல்லிக்கொடுக்க வந்த துரை தொற்றவைத்தது அது: ‘ஃப்ளாக்சிநாசிநிஹிலிபிலிஃபிகேஷன்’. எதையும் ‘ஒன்றுக்கும் பெறாது’ என்று தள்ளிவிடுவதற்கு அந்தப் பெயர். சொல்லி முடிப்பதற்குள் நமக்கு மூச்சு வாங்கும். ராஜாவுக்கோ வெல்லம்! புலவர் பாடினால் அதே வார்த்தை. ராணி புதுப் புடவை கட்டினாலும் அதே வார்த்தை. பாவம், அந்தப் புடவையை ராணி அப்புறம் தொடவே இல்லை.

ஒருநாள் சமையல்காரர் அனந்தையர் வைத்த வத்தக்குழம்பை ராஜா தொட்டு நாக்கில் வைத்தார். வார்த்தை வந்தது. கூடவே உத்தரவும் வந்தது.

“நாளைச் சாயங்காலத்துக்குள் ஊரைவிட்டுக் கிளம்பும் ஓய்!”

இருபது வருஷமாக அரண்மனை அடுப்பில் வெந்த மனுஷர். தை மாசம் மகளுக்குக் கல்யாணம் வேறு. சபையில் வாய்க்குப் பெயர்போன குத்தாலம் பிள்ளையிடம் அழுதுகொண்டே ஓடினார்.

“அழாதீரும். நாளை மத்தியானம் நான் பரிமாறுகிறேன்,” என்றார் பிள்ளை. நேரே துரையிடம் போய் அந்த வார்த்தையின் பூர்வீகத்தை விசாரித்தார். மறுநாள் காலையில் அரண்மனை நாவிதரையும் பார்த்தார்.

மத்தியானம் ராஜா நல்ல பசியோடு உட்கார்ந்தார். இலையில் ஒரு கம்பளிப் பிசிறு, ஒரு கொட்டை ஓடு, ஒரு காலிக் கிண்ணம், ஒரே ஒரு முடி.

“என்னவே இது?”

“நேத்துக் குழம்புக்கு மகாராஜா வச்ச பேருதான். பிசிறு, ஓடு, ஒண்ணுமில்லை, முடி... லத்தீன் பாஷையில இந்த நாலையும் கோத்தா அந்த வார்த்தையாம். நாலும் தம்பிடி பெறாதாம். குழம்பும் இதுவும் ஒண்ணுதானே? சாப்பிடுங்க.”

ராஜாவின் வயிறு கடமுடவென்றது. கோபத்தில் முடியை எடுத்து வீசப் போனார்.

“எவன் தலையில பிடுங்கினது?”

“தலை இல்லை மகாராஜா. காலையில நாவிதர் ஒதுக்கினப்போ விழுந்தது. தங்கள் மீசை.”

வீசப் போன கை அப்படியே நின்றது.

“என் மீசையா? இதுவா ஒண்ணுக்கும் பெறாது? எங்க பாட்டனார் காலத்து மீசைவே இது!”

“நான் சொல்வேனா? வார்த்தை சொல்லுது! ஒண்ணு, மீசை பெறாதுன்னு ஒத்துக்கணும். இல்லேன்னா, குழம்பு பெறும்னு ஒத்துக்கணும்.”

ராஜா முடியைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார். அனந்தையர் மீதிருந்த உத்தரவு அங்கேயே ரத்து. மகள் கல்யாணம் அரண்மனைச் செலவு. பிள்ளைக்கு ஒரு ஜோடி பொன் கடுக்கன்.

கடுக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிள்ளை, “ம்ஹும்... ஃப்ளாக்சி...” என்று ஆரம்பித்தார்.

ராஜா இரண்டு கையாலும் மீசையைப் பொத்திக்கொண்டார்.