பாறையில் ஏறாத சேதி

கரட்டடிக் காட்டில் சுரம் பரவிய கோடையில், எல்லோரையும்விட அதிகமாகக் களைத்துப் போனது முள்ளம்பன்றிதான்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால் முள்ளம்பன்றியிடம் வந்து சொல்ல வேண்டும். ஆந்தை அதைச் சரிபார்க்கும். சரியென்றால் முள்ளம்பன்றி தன் முள்ளால் பெரும்பாறையில் கீறி வைக்கும். பாறையில் ஏறிய சேதியைக் காடே நம்பும்.

சுரம் வந்த பிறகு, விடிந்தால் பாறையடியில் வரிசைதான். ஒரு நாளைக்கு முப்பது சேதி! முள்ளம்பன்றிக்குத் தூக்கம் போயிற்று. பகலில் தூங்க வேண்டிய ஆந்தைக்கும் போயிற்று.

முதலில் பாறையில் ஏறியது குரங்கு கொண்டுவந்த சேதி. கரட்டு மலையின் உச்சியில் முளைக்கும் கசப்பிலையைக் கொடுத்ததும் அதன் குட்டிக்குச் சுரம் விட்டுவிட்டதாம். ஆந்தை போய்ப் பார்த்தது. குட்டி கிளைக்குக் கிளை தாவிக்கொண்டிருந்தது. வேறென்ன வேண்டும்?

சில நாளில் முயல் வந்தது. தன் இரண்டு குட்டிகளுக்கும் அதே இலையைக் கொடுத்ததாகவும், பலிக்கவில்லை என்றும், ஒரு குட்டி செத்தே போய்விட்டது என்றும் சொன்னது.

முள்ளம்பன்றி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பலிச்சதைச் சொல்லுப்பா. பலிக்காததை எல்லாம் எழுத ஆரம்பிச்சா பாறையில இடம் ஏது?" என்றது.

முயல் காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பிப் போனது. அதன் பின்னால் நரி வந்தது, கீரி வந்தது, காட்டுப்பன்றியும் வந்தது. எல்லோருக்கும் அதே கதை, அதே பதில். முள்ளம்பன்றி கெட்டது அல்ல, அலுத்துப் போயிருந்தது. அலுப்பில் செய்தாலும் தப்பு தப்புதானே.

அப்போது மானின் ஒரே குட்டி சுரத்தில் படுத்தது. மான் பாறையைப் படித்தது. குட்டியைப் புதரில் கிடத்திவிட்டுக் கரட்டில் ஏறியது. ஏற ஒரு நாள், இறங்க ஒரு நாள். இலையைக் கொடுத்தும் சுரம் இறங்கவில்லை. குட்டிக்குக் கண் திறக்கவும் தெம்பில்லை.

வாடிப்போய்க் குளத்துக்குத் தண்ணீர் குடிக்க வந்த மான், அங்கே முயலைப் பார்த்துப் புலம்பியது.

"நானும் கொடுத்துப் பார்த்தேன் அக்கா, பலிக்கலை" என்றது முயல்.

"எப்போ?"

"போன அமாவாசைக்கு முன்னாடியே."

மான் நேராகப் பாறைக்குப் போனது. சத்தம் போட அதற்குத் தெம்பில்லை. "நீ எழுதினதை நம்பி மலை ஏறினேன். ரெண்டு நாள் என் பிள்ளை தனியா கிடந்துச்சு. நீ எழுதாம விட்டதை நான் யார்கிட்ட போய்ப் படிப்பேன்?" என்று மட்டும் கேட்டது.

முள்ளம்பன்றிக்கு வெட்கமாக இருந்தது. மறுநாள் விடிந்ததும் அது பாறையை விட்டு வறண்ட ஆற்று மணலுக்கு இறங்கியது. மணலில் இடத்துக்கா பஞ்சம்? திருப்பி அனுப்பிய ஒவ்வொருவரையும், கூடவே குரங்கையும் கூப்பிட்டது. யாருக்குக் கொடுத்தாய், அது எங்கே மேய்ந்தது, எங்கே குடித்தது என்று கேட்டுக் கேட்டு, வந்த சேதியை வந்த அன்றே எழுதியது. ஆந்தை சரிபார்த்த சேதிக்குப் பக்கத்தில் ஒரு கல் வைத்தது. பார்க்காததைக் கல் இல்லாமல் விட்டது.

சாயங்காலம் ஆந்தை மணல் முழுக்க நடந்து பார்த்தது. சட்டென்று நின்றது.

"பலிக்காத அத்தனை பேரும் குளத்துல குடிக்கிறவங்க. குரங்கு மட்டும்தான் சுரம் வந்ததும் குட்டியோட கரட்டு மேல போய், அங்கேயே சுனையில குடிக்குது. சுரம் விட்டது இலையால இல்லைப்பா. குளத்துத் தண்ணியிலதான் கோளாறு இருக்கும்போல!"

அதையும் உடனே எழுதினார்கள், கல் வைக்காமல். படித்தவர்கள் சுனைக்கு நடந்தார்கள். மான் குட்டியை முட்டி எழுப்பி, நாலடிக்கு ஒருமுறை படுக்க வைத்து, மெல்ல மெல்லக் கூட்டிப்போனது. பத்து நாளில் குட்டி எழுந்து புல்லைக் கடித்தது. காட்டிலும் சுரம் அடங்கியது. அதன் பிறகுதான் ஆந்தை அந்தச் சேதிக்குக் கல் வைத்தது.

கடைசியாக முயல் மணலுக்கு வந்தது. முதல் வரியே அதன் சேதிதான். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இதை அன்னைக்கே எழுதியிருந்தா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டது. ஆந்தை அந்தச் சேதியையும் சரிபார்த்து முடித்திருந்தது. முள்ளம்பன்றி அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டு, அடுத்த சேதியைக் கேட்கக் குனிந்தது.

நோய்க்காலத்தில் பலித்ததை மட்டுமல்ல, பலிக்காததையும் ஒளிக்காமல் உடனே ஊரறியச் சொல்ல வேண்டும்.