கயிற்றுக்கு இந்தப் பக்கம்

பள்ளித் தாளாளர் அருமைநாயகத்துக்கு ஆணும் பெண்ணும் பேசினாலே ஆகாது. பன்னிரண்டாம் வகுப்பின் பிரியாவிடை விழாவுக்கும் மண்டபத்தின் நடுவே தேங்காய்நார்க் கயிறு கட்டி, இந்தப் பக்கம் பையன்கள், அந்தப் பக்கம் பெண்கள் என்று பிரித்துவிட்டார்.

பையன்கள் பக்கம் இசக்கியும் செல்வினும் ஒரே நிறச் சட்டையில், கைகோத்து, நெஞ்சில் ‘நாங்கள் ஜோடி’ என்ற அட்டையைக் குத்திக்கொண்டு வந்தார்கள்.

அருமைநாயகம் மைக்கிலேயே கத்தினார். “ஏலே, அட்டையைக் கழட்டுங்க! ஜோடின்னா ஒரு ஆணும் ஒரு பொண்ணும். அப்படி வந்தா வாங்க, இல்லைன்னா வீட்டுக்குப் போங்க!”

“சரிங்கய்யா” என்று இசக்கி பணிவாகக் கையைக் கட்டிக்கொண்டான். பிறகு மண்டபத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தான். “கேட்டுச்சா? ஆணும் பொண்ணுமா ஜோடி சேரணுமாம், ஐயாவே சொல்லிட்டாக! கயித்தை அவுத்து விடுங்கலே!”

இருநூறு பேரும் ஒரே பாய்ச்சல். கயிறு அறுந்தது. அருமைநாயகத்துக்கு வேர்த்துக் கொட்டியது.

“நிறுத்துங்கலே! ஆண் ஆணோட! பொண்ணு பொண்ணோட! அதான் இந்தப் பள்ளிக்கூடத்து ஒழுக்கம்!”

“ஐயா சொன்னா சரிதான்” என்று இசக்கி செல்வினின் கையைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தான்.

அந்தப் பக்கத்திலிருந்து கைகோத்தபடி இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“ஏல இசக்கி, அட்டை மிச்சம் இருக்கா?”