போகிற சூடு

முன்னொரு காலத்தில், மார்கழிப் பனி எலும்புவரை இறங்கும் மலைக்கோட்டை ஒன்றில் ஒரு ராஜா இருந்தார். ஒருநாள் இரண்டு கிண்ணம் சாராயம் உள்ளே போனதும் முகம் ஜிவ்வென்று சுட்டது. வந்ததே யோசனை! "காவலர்களுக்கு இனிச் சாராயமே கம்பளி!" என்று ஆணையிட்டு, அவர்களுடைய கம்பளிகளை ஓர் அறையில் போட்டுப் பூட்டச் செய்தார். தளவாய் செண்டலங்காரர் ஆகா ஆகா என்று தலையாட்டினார்.

அடுத்த மூன்று விடியல்களில் வடக்குக் கோபுரத்தில் மூன்று காவலர்கள் செத்துக் கிடந்தார்கள். சட்டையைத் தாங்களே கழற்றி வைத்திருந்தார்கள். உதட்டில் சிரிப்பு. மூன்றாமவன் அரசவை விகடகவி மூக்கப்பனின் மைத்துனன்.

"மோகினிதாங்க. கூப்பிட்டிருக்கா, இவனுங்களும் சிரிச்சுக்கிட்டே போயிட்டானுங்க," என்றது ஊர்.

"பேயையும் சிரிக்கவைப்பாரே மூக்கப்பர்! அவரே காவல் நிற்கட்டும்," என்றார் தளவாய். மூக்கப்பனை விழுங்க அந்த வாய்க்கு ரொம்ப நாள் பசி.

"சாராயத்தைப் போர்த்திக்கொண்டு நில். பேயைக் காட்டு. இல்லையேல் தலை இராது," என்றார் ராஜா.

அன்றிரவு மூக்கப்பன் சாராயக் குடுவையோடு கோபுரம் ஏறினான்.

விடிந்ததும் ராஜாவும் தளவாயும் கோபுரம் ஏறினார்கள். மூட்டையாக ஒரு கம்பளி. அதற்குள்ளிருந்து மூக்கப்பன் தலை நீட்டினான்.

"ஆணையை மீறினாயா?"

"இல்லை மகாராஜா. சாராயத்தைப் போர்த்தச் சொன்னீர்கள். குடுவைக்கு என் வீட்டுக் கம்பளியைப் போர்த்தினேன். இடம் மிச்சமிருந்தது, நானும் நுழைந்துகொண்டேன்."

"பேய் எங்கே?" என்று சீறினார் தளவாய்.

"குடுவைக்குள். அது ரத்தக் குழாய்களைத் தளர்த்தி அகலமாக்கும். நெஞ்சைக் காக்கிற சூடு தோலுக்கு ஓடிவரும். நாம் வருகிற சூடு என்கிறோம், அது போகிற சூடு. வாசலில் நிற்பவனுக்கு அனல் அடிக்கும், வீடு சில்லிட்டுப் போகும். தளவாய்க்கும் தெரியும்போல. இல்லாவிட்டால் ஏன் இரண்டு கம்பளி போர்த்தி வந்திருக்கிறார்?"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "பலே! என் சால்வையே உனக்குப் பரிசு. எனக்கெதற்கு, வேர்க்கிறதே!" என்று தோளிலிருந்து உருவினார். முகம் செக்கச்செவேலென்றிருந்தது. விடியலிலேயே கிண்ணம் காலியாகியிருந்தது.

மைத்துனன் முகத்தில் பார்த்த அதே சிரிப்பு. மூக்கப்பன் சட்டென்று எழுந்தான். சால்வையை வாங்கி ராஜாவின் தோளிலேயே இறுக்கிப் போர்த்தினான்.

"பரிசை நாளை வாங்கிக்கொள்கிறேன், மகாராஜா. நாளைக்குத் தாங்கள் இருக்க வேண்டுமே."

ராஜாவின் சிரிப்பு நின்றது. காவலர்கள் மூவரும் செத்துக் கிடந்த இடத்தைப் பார்த்தார். சால்வையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "கம்பளி அறையைத் திறங்கள்," என்றார்.